ஸ்மார்ட் மோட்டார்வே: ஸ்பீடை குறைச்சா ஜாம் ஏன் குறையுது, அப்புறம் இங்கிலாந்து ஏன் அதை நிறுத்துச்சு?

2023 ஏப்ரல்ல பிரிட்டிஷ் அரசு இனிமே புதுசா ஸ்மார்ட் மோட்டார்வே (மோட்டார்வேன்னா அங்க வேகமா போறதுக்குன்னே இருக்குற பெரிய ஹைவே) கட்டமாட்டோம்னு அறிவிச்சுது. லிஸ்ட்ல இருந்த 14 திட்டமும் ரத்து, அதுல 11 ஏற்கனவே நிறுத்தி வச்சிருந்தது. ஆனா அதே அறிவிப்புல, முக்கால்வாசிக்கு மேல வேலை முடிஞ்சிருந்த ரெண்டு இடத்தை மட்டும் (எம்6, எம்56-ங்கிற மோட்டார்வேகள்ல) கட்டி முடிச்சிடுவோம்னும் சொன்னாங்க, ஏற்கனவே ஓடிட்டிருக்குற ரோடு எதையும் பழையபடி மாத்தவும் இல்ல. அதனால நிறைய பேருக்கு குழப்பம். ஆபத்துன்னா ஏன் மூடல, ஆபத்து இல்லன்னா ஏன் ரத்து பண்ணாங்க?

குழப்பத்துக்கு காரணம், ஒரே பேருக்குள்ள ரெண்டு வேற வேற சரக்கு இருக்கு. ஒன்னு, ட்ராஃபிக்கை சென்சார் வச்சு கவனிச்சு அதுக்கேத்த மாதிரி ஸ்பீட் லிமிட்டை மாத்துற டெக்னாலஜி. இன்னொன்னு, ரிப்பேரான வண்டி ஒதுங்கி நிக்க ஓரமா விட்டிருந்த ஹார்ட் ஷோல்டரை எடுத்து சாதாரண லேனா ஆக்குறது. முதல்ல சொன்னது மேல பெருசா சண்டை இல்ல, அது வேலையும் செய்யுது. சண்டை எல்லாமே ரெண்டாவது மேலதான், இந்த ரெண்டையும் பிரிச்சு பாக்காம பேசினா எந்தப் பக்கம் பேசினாலும் பாதி தப்பாதான் போகும்.

அடிப்படையில இருந்து வருவோம்.

ஜாம் எங்க இருந்து வருது

ஒரு லேன்ல ஒரு மணி நேரத்துல எத்தனை வண்டி போக முடியும்? வண்டிக்கு வண்டி 2 செகண்ட் இடைவெளின்னு வச்சா, 3600-ஐ 2-ஆல வகுத்தா 1800 வண்டி. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா கணக்குல ஸ்பீடே வரல. மணிக்கு 70 மைல்ல போனாலும் 50 மைல்ல போனாலும் 2 செகண்ட் இடைவெளி விட்டா கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான். வேகமா போனா நிறைய வண்டி போகும்னு நமக்கு தோணுறது, ரோடு காலியா இருக்குறப்ப உண்மை, ரோடு நிறைஞ்சதுக்கு அப்புறம் உண்மை இல்ல.

ரோடு நிறைய நிறைய இன்னொரு விஷயம் நடக்குது. முன்னாடி போறவர் லேசா பிரேக் தொடுறாரு, பின்னாடி இருக்கவர் கொஞ்சம் லேட்டா பாத்து கொஞ்சம் கூடுதலா அழுத்துறாரு, அதுக்கு பின்னாடி இருக்கவர் இன்னும் கூடுதலா, இப்படியே போய் பத்து இருபது வண்டி தாண்டி யாரோ ஒருத்தர் முழுசா நின்னுடுறாரு. ஆக்சிடென்ட் இல்ல, ரோடு வேலை இல்ல, ஒன்னுமே இல்ல, ஆனா ஜாம். 2008-ல வெளியான ஜப்பான் ஆராய்ச்சி ஒன்னுல இதை நேராவே காட்டினாங்க. 230 மீட்டர் சுத்தளவுள்ள வட்டப்பாதையில 22 காரை விட்டு, எல்லாரும் ஒரே ஸ்பீட்ல போங்கன்னு சொன்னாங்க. கொஞ்ச நேரத்துலயே தானா ஒரு நெரிசல் உருவாகி, கார் எல்லாம் முன்னாடி போக அந்த நெரிசல் மட்டும் மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்துல பின்னாடி நகர ஆரம்பிச்சுது. நிஜ மோட்டார்வேலயும் இந்த அலை கிட்டத்தட்ட இதே வேகத்துலதான் பின்னாடி வருது. நாம எதுக்கு நின்னோம்னே தெரியாம நின்னு, திடீர்னு ரோடு காலியாகி கிளம்புறோமே, அது இந்த அலைதான்.

இதுல மோசமான பகுதி அடுத்தது. ஜாம் ஒருதடவை விழுந்துட்டா ரோட்டோட கொள்ளளவே குறைஞ்சிடும். நின்ன வண்டி ஒவ்வொன்னா கிளம்புறப்ப முன்னாடி இருந்த இடைவெளிக்கு திரும்ப வராது, கொஞ்சம் தள்ளியேதான் கிளம்பும். அதனால ஜாம் விழுறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி போயிட்டிருந்த அளவு வண்டி, விழுந்த பிறகு அதே இடத்தை கடக்க முடியாது. பல இடத்துல அளந்ததுல ஏறக்குறைய 5-ல இருந்து 15 சதவீதம் வரைக்கும் இப்படி போயிடுது. அதாவது ரோடு ரொம்ப தேவைப்படுற நேரத்துலதான் ரோடு சின்னதாகுது.

டெக்னாலஜி செய்யுற வேலையே இதை தடுக்குறதுதான். புதுசா ரோடு உண்டாக்கல, இருக்குற ரோடு உடையாம பாத்துக்குது, அவ்ளோதான்.

லிமிட்டை குறைக்கிறது எப்படி உதவும்

லண்டனை சுத்தி ஓடுற எம்25-ல, தென்மேற்குப் பக்கம் ஹீத்ரோ ஏர்போர்ட் பகுதியில, 1995-லயே மாறும் ஸ்பீட் லிமிட் கொண்டு வந்துட்டாங்க. அப்ப வச்ச விதி ரொம்ப சிம்பிள். ஒரு லேன்ல மணிக்கு 1650 வண்டியை தாண்டினா 60 மைல் போர்டு வரும், 2050-ஐ தாண்டினா 50 மைல்.

இந்த ரெண்டு நம்பரையும் மேல போட்ட கணக்குல போட்டு பாருங்க. 1650 வண்டின்னா சராசரி இடைவெளி சுமார் 2.2 செகண்ட். 2050-னா 1.75 செகண்ட். பிரிட்டனோட ரோடு விதிப் புத்தகமான ஹைவே கோடு குறைஞ்சது 2 செகண்ட் விடுன்னு சொல்லுது. அப்ப 50 போர்டு எரியுற நேரத்துல ரோட்ல இருக்கவங்க சராசரியாவே அந்த அளவை விட நெருங்கி ஓட்டிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். ஒருத்தர் பிரேக் தொட்டா போதும், அலை கிளம்பிடும். ரோடு நல்லாதான ஓடுது, எதுக்கு இப்ப 50-ன்னு எரிச்சல் படுற நேரம் சரியா அதுதான். நல்லா ஓடுறப்ப போடலன்னா அப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல.

குறைச்சா என்ன மாறுது?

1. லேனுக்கு லேன் வேக வித்தியாசம் குறையுது. பக்கத்து லேன் வேகமா போகலன்னா தாவுறதுக்கு காரணம் இல்ல. ஒவ்வொரு தாவலும் பின்னாடி ஒருத்தரை பிரேக் போட வைக்கும், அதனால இதுதான் பெரிய லாபம்.
2. முன்னாடி ஏற்கனவே ஜாம் விழுந்திருந்தா, அங்க வந்து சேருற வண்டி எண்ணிக்கையை கொஞ்சம் தாமதப்படுத்தலாம், வரிசை வாலோட நீளம் கட்டுக்குள்ள இருக்கும்.
3. வேகமா வந்து நின்னுட்டிருக்குற வரிசையோட பின்னாடி இடிக்கிற ஆக்சிடென்ட் குறையும். ஒரு ஆக்சிடென்ட் குறைஞ்சா அது உண்டாக்கியிருக்கும் ரெண்டு மணி நேர ஜாமும் சேர்ந்தே குறையுது.

நஷ்டம் எவ்ளோ? 10 மைல் தூரத்தை 70-ல போனா எட்டரை நிமிஷம் சொச்சம், 50-ல போனா 12 நிமிஷம். மூணரை நிமிஷம் விட்டுக் கொடுக்கணும். இதே 10 மைல்ல ஒரு ஜாம் விழுந்தா எவ்ளோ போகும்னு யாரும் சொல்ல முடியாது, அந்த "சொல்ல முடியாது"தான் தினமும் வேலைக்கு போறவங்களுக்கு உண்மையான பிரச்சனை. வேகமா போறதை விட, கிளம்பினா எப்ப போய் சேருவோம்னு தெரியுறது அவங்களுக்கு பெருசு.

பின்னாடி ஓடுற மிஷின்

இதை எல்லாம் யாரோ ஒரு ஆபீசர் உக்காந்து பட்டன் அமுக்குறாருன்னு நினைக்கிறாங்க. பெரும்பகுதி ஆட்டோமேட்டிக்.

1. ரோட்டுக்கு அடியில கம்பிச்சுருள் பதிச்சிருப்பாங்க, இதை லூப்னு சொல்வாங்க. மேல இரும்பு போனா மின்சாரத்துல சின்ன மாற்றம் வரும். ஜோடியா வைக்கிறதால வண்டி எண்ணிக்கை, ஸ்பீட், நீளம் எல்லாம் தெரியும். சில இடங்கள்ல லூப்புக்கு பதிலா ஓரத்துல ரேடார்.
2. இந்த தகவலை மைடாஸ்ங்கிற சிஸ்டம் வாங்கிக்கும். வண்டிங்க லூப் மேல ரொம்ப நேரம் நிக்குதுன்னா வரிசை உருவாகுதுன்னு புரிஞ்சுக்கிட்டு, ஆள் யாரையும் கேக்காமலே பின்னாடி வர்றவங்களுக்கு ஸ்பீடை குறைச்சு போர்டு போடும்.
3. ரோட்டுக்கு குறுக்க மேல நிக்குற இரும்புச் சட்டத்துல, அதாவது கேன்ட்ரியில, லேனுக்கு ஒரு போர்டு. சிவப்பு வட்டத்துக்குள்ள நம்பர் வந்தா அது சட்டப்படியான லிமிட், அட்வைஸ் கிடையாது. வட்டம் இல்லாம வந்தா ஆலோசனை மட்டும்.
4. சிவப்பு எக்ஸ் வந்தா அந்த லேன் மூடியாச்சு. 2019 ஜூன்ல இருந்து கேமராவை வச்சே பிடிக்கிறாங்க, 100 பவுண்ட் அபராதம், லைசென்ஸ்ல 3 பாயின்ட்.
5. கன்ட்ரோல் ரூம்ல ஆளுங்க. கேமராவுல பாத்து லேன் மூடுறது, ட்ராஃபிக் ஆபீசரை அனுப்புறது இவங்க வேலை.

எல்லாமே நம்பிக்கையிலதான் ஓடுது. காலி ரோட்ல அரை மணி நேரமா 40-ன்னே எரிஞ்சிட்டிருந்தா, அடுத்த தடவை உண்மையாவே முன்னாடி வரிசை நிக்குறப்ப போடுற 40-ஐயும் யாரும் மதிக்க மாட்டாங்க. முன்னாடி இருந்த பிரச்சனை தீர்ந்ததும் போர்டை உடனே எடுக்குறதும் போடுறது அளவுக்கே முக்கியம், ஆனா நிறைய நாட்கள்ல எடுக்குறது மெதுவாதான் நடக்குது.

நுழையுற இடத்துல சிக்னல்

மோட்டார்வேல ஏறுற ஸ்லிப் ரோட்ல சிக்னல் வச்சு, கூட்டமா வர்ற வண்டியை ஒன்னு ரெண்டா பிரிச்சு உள்ள விடுறது இன்னொரு வழி. ராம்ப் மீட்டரிங். சிகாகோவுல 1963-லயே ஆரம்பிச்சாங்க, இங்கிலாந்துல முதல் இடம் 1986-ல எம்6-ல. ஜாம் பெரும்பாலும் வண்டி வந்து சேருற இடத்துலதான் பிறக்கும், அதனால அங்கயே கையை வைக்கிறது நியாயம்தான்.

இது வேலை செய்யுதான்னு பாக்க அமெரிக்காவுல மினசோட்டா மாநிலம் விரும்பாமலே ஒரு நல்ல சோதனை நடத்தியிருக்கு. சிக்னல்ல நிக்குறதை வெறுத்த மக்கள் புகார் பண்ண, சட்டசபை சொல்லி 2000-ம் வருஷம் மினியாபொலிஸ் பக்கம் இருந்த சுமார் 430 சிக்னலையும் ஆறு வாரம் அணைச்சாங்க. அந்த காலத்துல ஹைவே பயண நேரம் 22 சதவீதம் கூடுச்சு, விபத்து 26 சதவீதம் கூடுச்சு, ரோடு தாங்குற வண்டி எண்ணிக்கை 9 சதவீதம் குறைஞ்சுது. திரும்ப போட்டாங்க. ஆனா மக்கள் சொன்னதுலயும் விஷயம் இருந்துச்சு, அதனால சிக்னல் எண்ணிக்கையை குறைச்சு காத்திருக்குற நேரத்துக்கும் ஒரு வரம்பு வச்சுதான் போட்டாங்க.

இப்ப ஹார்ட் ஷோல்டர் கதை

இங்கிலாந்துல ஸ்மார்ட் மோட்டார்வேன்னா மூணு வகை:

1. கன்ட்ரோல்டு மோட்டார்வே. மாறும் லிமிட், கேன்ட்ரி எல்லாம் உண்டு, ஹார்ட் ஷோல்டர் அப்படியே இருக்கும்.
2. டைனமிக் ஹார்ட் ஷோல்டர். கூட்ட நேரத்துல மட்டும் ஷோல்டரை திறந்து விடுவாங்க.
3. ஆல் லேன் ரன்னிங். ஷோல்டரே கிடையாது, எப்பவுமே அது லேன் ஒன்னு.

ஷோல்டரை எடுக்குற யோசனை ஏன் வந்துச்சுன்னா ரோடு அகலப்படுத்துறது பயங்கர செலவு. நிலம் வாங்கணும், பாலங்களை இடிச்சு கட்டணும், வருஷக்கணக்கா ஆகும். ஷோல்டர் ஏற்கனவே போட்ட ரோடு. மூணு லேன் நாலாகிடும்.

2006-ல பர்மிங்ஹாம் பக்கம் எம்42-ல சோதனை. ரிசல்ட் நல்லா வந்துச்சு, பயண நேரம் நம்பகமாச்சு, காயம்படுற விபத்து குறைஞ்சுது. ஆனா அங்க என்னென்ன இருந்துச்சுன்னு பாக்கணும். ஷோல்டர் திறந்திருக்குறப்ப அதிகபட்சம் 50 மைல், பின்னாடிதான் 60 ஆக்கினாங்க. கேன்ட்ரியும் அவசர ஒதுங்கிடமும் ஏறக்குறைய அரை கிலோமீட்டருக்கு ஒன்னு. 2014-ல எம்25-ல ஆல் லேன் ரன்னிங் திறக்குறப்ப ஷோல்டர் நிரந்தர லேன் ஆச்சு, ட்ராஃபிக் லேசா இருந்தா 70 மைல்ல போகலாம், ஒதுங்கிடம் 2.5 கிலோமீட்டர் வரைக்கும் தள்ளி இருக்கலாம்னு விதி. கேன்ட்ரியும் குறைஞ்சுது, ஏன்னா செலவு மிச்சம்.

சோதனையில ஜெயிச்சது ஒன்னு, ஊர் முழுக்க போட்டது இன்னொன்னு. என் பார்வையில இந்த மொத்த விவகாரத்தோட வேர் இங்கதான் இருக்கு.

நின்ன வண்டியை யார் பாக்குறது

ஹார்ட் ஷோல்டர் பாதுகாப்பான இடம்னு நினைக்கக்கூடாது, அதையும் சொல்லிடணும். மோட்டார்வே சாவுல பன்னிரண்டுல ஒன்னு ஷோல்டர்லதான் நடக்குதுன்னு அரசு தரப்பே சொல்லியிருக்கு. 2020 மார்ச்ல வந்த அரசு ஆய்வு சொன்னதும் இதை ஒட்டிதான்: ஷோல்டர் இல்லாத ரோட்ல பல வகை ஆபத்து குறையுது, ஆனா ஓடுற லேன்ல நின்னுட்ட வண்டி மேல இன்னொரு வண்டி மோதுற ஆபத்து மட்டும் கூடுது.

மொத்தமா கூட்டினா மோசமில்லன்னு வரும். ஆனா மக்கள் மொத்தமா கூட்டி யோசிக்கிறதில்ல, யோசிக்கணும்னு எதிர்பாக்குறதும் சரியில்ல. டயர் வெடிச்சு லேன் ஒன்னுல குழந்தையோட மாட்டிக்கிட்டு, பின்னாடி லாரி வந்துட்டிருக்கு, அடுத்த ஒதுங்கிடம் ஒன்றரை மைல் தள்ளின்னா, அந்த நிலைமைக்கு சராசரி கணக்கு பதில் இல்ல.

அந்த நேரத்துல காப்பாத்த வேண்டியது டெக்னாலஜி. நின்னதை கண்டுபிடிக்கணும், சிவப்பு எக்ஸ் போடணும், ஆள் அனுப்பணும். நின்ன வண்டியை பிடிக்கிற ரேடார் இல்லாத இடத்துல, ஒரு வண்டி நின்னதை கவனிக்கவே சராசரியா 17 நிமிஷம் ஆச்சுன்னு, இந்த ரோடுகளை நடத்தின ஹைவேஸ் இங்கிலாந்துங்கிற அமைப்பு 2016-ல போட்ட அறிக்கையே சொல்லுது. லூப்புக்கு ஓடுற வண்டி தெரியும், ட்ராஃபிக் கம்மியா இருக்குறப்ப ரெண்டு லூப்புக்கு நடுவுல நின்னுட்ட ஒத்த வண்டி தெரியாது. அதாவது ஜாமை பிடிக்க செஞ்ச கண்ணை வச்சு, ராத்திரி 11 மணிக்கு காலி ரோட்ல நிக்குற காரை பிடிக்க பாத்தாங்க. ரேடாரை எல்லா இடத்துலயும் வச்ச பிறகுதான் ஷோல்டரை எடுத்திருக்கணும், நடந்தது தலைகீழ். ஆல் லேன் ரன்னிங் ரோடு முழுசுக்கும் ரேடார் வந்தது 2022 செப்டம்பர்ல, முதல் ரோடு திறந்து எட்டு வருஷம் கழிச்சு.

வந்த ரேடாரும் முதல்ல சரியா வேலை செய்யல. நின்ன வண்டியை 20 செகண்ட்ல கண்டுபிடிக்கணும்னு இலக்கு, 80 சதவீதமாவது பிடிக்கணும், பொய் அலாரம் 15 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. 2022 டிசம்பர்ல ரோட்டை கண்காணிக்கிற ஒழுங்குமுறை அமைப்பு, செயல்பாடு இலக்கை எட்டலன்னு சொல்லிடுச்சு. அதுக்கு மேல 2024-ல பிபிசியோட பனோரமாங்கிற டிவி நிகழ்ச்சி வெளியிட்ட தகவல், 2022 ஜூன்ல இருந்து 2024 பிப்ரவரி வரைக்கும் 397 தடவை ஸ்மார்ட் மோட்டார்வேல சிஸ்டத்துக்கு கரன்ட் போயிருக்கு. கரன்ட் போனா ஷோல்டரும் கிடையாது, அதுக்கு மாத்தா வச்ச கண்ணும் கிடையாது.

நிறுத்தினது எப்படி நடந்துச்சு

2021 நவம்பர்ல நாடாளுமன்ற போக்குவரத்து குழு, ஐந்து வருஷ பாதுகாப்பு டேட்டா வர்ற வரைக்கும் புதுசா ஆரம்பிக்காதீங்கன்னு சொன்னாங்க. 2022 ஜனவரியில அரசு ஒத்துக்கிட்டு நிறுத்தி வச்சுது, 900 மில்லியன் பவுண்ட் ஒதுக்கி 150க்கும் மேல கூடுதல் ஒதுங்கிடம் உள்பட வேலை ஆரம்பிச்சுது. ஆனா டேட்டா முழுசா வர்றதுக்கு முன்னாடியே, 2023 ஏப்ரல்ல ஒரேயடியா ரத்து. காரணமா சொன்னது ரெண்டு: செலவு, மக்கள் நம்பிக்கை இல்ல. பாதுகாப்பில்லன்னு டேட்டா நிரூபிச்சதுன்னு அவங்க சொல்லவே இல்ல, அதனாலதான் பழையது ஓடுது புதுசு மட்டும் ரத்து. முதல் பத்தியில கேட்ட கேள்விக்கு பதில் அரசியல்லதான் இருக்கு, எஞ்சினியரிங்ல இல்ல.

சரி, ஜாம் குறையுமா

குறையும், ஓரளவுக்கு. ட்ராஃபிக் நிரம்பி வழியுற விளிம்புல இருக்குற ரோட்டுக்கு மாறும் லிமிட்டும் ராம்ப் சிக்னலும் நல்ல மருந்து. ரோடு தாங்குறதை விட வண்டி ரொம்ப அதிகமா வந்தா எந்த சாப்ட்வேரும் காப்பாத்தாது, ஜாம் அரை மணி லேட்டா விழும் அவ்ளோதான். ஷோல்டரை திறந்து ஒரு லேன் கூட்டினா அதுவும் புது ரோடு மாதிரிதான், இத்தனை நாள் வேற நேரத்துல போனவங்க, ரயில்ல போனவங்க, போகாமலே இருந்தவங்க எல்லாம் கிளம்பி வருவாங்க. அமெரிக்க நகரங்களை வச்சு 2011-ல வந்த பொருளாதார ஆய்வு ஒன்னு, பெரிய ஹைவே நீளம் எவ்ளோ கூடுதோ கிட்டத்தட்ட அதே விகிதத்துல வண்டி ஓட்டமும் கூடுதுன்னு காட்டுச்சு. ஹூஸ்டன்ல கேட்டி ஃப்ரீவேயை 2008 வாக்குல சில இடத்துல பக்க ரோட்டையும் சேத்தா 26 லேன் வரைக்கும் அகலப்படுத்தினாங்க, சில வருஷத்துல அங்கயும் பீக் நேரத்துல பழைய கதைதான்.

அதனால வேற எந்த நாட்டுலயாவது இப்படி ஒரு திட்டம் அறிவிச்சா, ஸ்மார்ட்டுங்கிற பேரை விட்டுட்டு மூணு விஷயம் பாத்தா போதும். ஷோல்டர் இருக்கா இல்லையா. இல்லன்னா ஒதுங்கிடம் எத்தனை மீட்டருக்கு ஒன்னு. நின்ன வண்டியை எத்தனை செகண்ட்ல பிடிக்குது, அந்த சிஸ்டம் ரோடு திறக்குற முதல் நாளே இருக்குமா, இல்ல அப்புறமா போட்டுக்கலாம்னு விட்டிருக்காங்களா.

இப்ப அந்த ரோட்ல ஓட்டுறவங்களுக்கு

வண்டி மக்கர் பண்ற மாதிரி தெரிஞ்சா, ஓடுற வரைக்கும் ஓட்டி அடுத்த எக்சிட்லயோ ஒதுங்கிடத்துலயோ நிறுத்தணும். ஒதுங்கிடம் ஆரஞ்சு கலர்ல இருக்கும், உள்ள எமர்ஜென்சி போன் உண்டு. முடியலன்னா இடது ஓரம், ஹசார்ட் லைட் போட்டு, இடது கதவு வழியா இறங்கி தடுப்புக்கு அந்தப்பக்கம் போகணும், இறங்குறது ஆபத்துன்னா சீட் பெல்ட்டை கழட்டாம உள்ளேயே இருந்து 999-க்கு (அங்க அவசர நம்பர்) அடிக்கணும். பின்னாடி வர்றவங்களுக்கு சிவப்பு எக்ஸ் தெரியுறதுக்கு முன்னாடி உங்க ஹசார்ட் லைட்தான் தெரியும், அதனால அதை முதல் வேலையா போடுங்க.